நிருபர் வேலையில் இருப்பவர்களும் வர நினைப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாவட்ட நிருபராக 17 வருஷம், இப்போது டெஸ்க்கில், அதாவது வரும் செய்திகளைத் திருத்திப் பக்கம் போடும் பிரிவில், 6 வருஷம். ராத்திரி கடைசி எடிஷன் பக்கங்களை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போகும் நேரத்தில்தான் போன் வரும். தாலுகா நிருபர், டிவி ஸ்டிரிங்கர், இதழியல் படிக்கும் பிள்ளை என்று ஆள் மாறுமே தவிர கேள்வி மாறாது. ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் பேசித் தொண்டை காய்ந்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது தமிழ்நாட்டு மாவட்டங்கள்தான், டெல்லி நிலவரம் இதில் இருக்காது.

"நிருபர், பகுதி நேர நிருபர், ஸ்டிரிங்கர்னு ஆளுக்கொரு பேர் சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானே அண்ணே?"

கலெக்டர் ஆபீஸ் பிரஸ் மீட்டில் பார்த்தால் ஒன்றுதான், எல்லாருக்கும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் நாற்காலி. சம்பளத் தேதியில்தான் வித்தியாசம் தெரியும். ஸ்டாஃப் நிருபருக்கு மாதச் சம்பளம், பி.எஃப்., விடுப்பு எல்லாம் உண்டு. பகுதி நேர நிருபருக்கு ஒரு தாலுகாவோ இரண்டு ஒன்றியமோ ஒதுக்கி, மாதம் ஒரு சின்னத் தொகை கொடுப்பார்கள். அல்லது அச்சான செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ஸ்டிரிங்கர் பெரும்பாலும் டிவிக்காரர். அனுப்பிய விஷுவல் ஒளிபரப்பானால் காசு உண்டு, ஆகாவிட்டால் பெட்ரோல் அவர் கணக்கில்.

'பகுதி நேரம்' என்ற சொல்லை நம்பி வந்துவிடாதீர்கள். விடியற்காலை 4 மணிக்குப் பைபாஸில் பஸ் கவிழ்ந்தால் முதல் போன் அவருக்குத்தான் போகும்.

"அதுல வர்ற காசுல குடும்பம் நடத்த முடியுமா?"

ஸ்டிரிங்கராக மட்டுமே இருந்து குடும்பம் நடத்திய ஒருவரைக்கூட என் மாவட்டத்தில் நான் பார்க்கவில்லை. ஒருவருக்கு ஜெராக்ஸ் கடை, ஒருவருக்கு எல்.ஐ.சி. ஏஜென்சி, ஒருவருக்கு மனைவியின் டீச்சர் சம்பளம். இப்படி இன்னொரு கால் ஊன்றியிருப்பவர்கள்தான் பல வருஷம் நிற்கிறார்கள்.

போலீஸ், அரசியல்வாதி, ரவுடி என்று கீழே பல நெருக்கடிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். என் அனுபவத்தில் அதில் முக்கால்வாசி நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். இந்தப் பதிலை மறந்துவிடாதீர்கள், திரும்பத் திரும்ப இங்கேதான் வருவேன்.

"மஜீதியா கமிஷன்னு ஒண்ணு இருக்காமே? அது கிடைச்சா சம்பளம் கூடிடுமே?"

கிடைத்தால் கூடும். நீதிபதி மஜீதியா தலைமையிலான சம்பளக் கமிஷன் 2010 கடைசியில் பரிந்துரை கொடுத்தது. 2011 நவம்பர் 11 அன்று மத்திய அரசு அதை அறிவித்தது. முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2014 பிப்ரவரி 7 அன்று, நம் ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி சதாசிவம் இருந்த அமர்வு, பரிந்துரை செல்லும், நிலுவையைத் தவணையில் கொடுங்கள் என்று தீர்ப்பளித்தது. பல நிறுவனங்கள் கொடுக்கவில்லை. 'எனக்கு இப்போதைய சம்பளமே போதும்' என்று ஊழியர்களிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டன. அவமதிப்பு வழக்கு போனது. 2017 ஜூனில் சுப்ரீம் கோர்ட், ஒப்பந்த ஊழியருக்கும் இது பொருந்தும், அந்தக் கையெழுத்தைக் காட்டிக் கமிஷன் சொன்னதற்குக் கீழே சம்பளம் கொடுக்க முடியாது என்று தெளிவாகச் சொன்னது. அதே தீர்ப்பில் முதலாளிகள் மீது அவமதிப்பு நடவடிக்கை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. பாக்கி வேண்டுமானால் ஒவ்வொருவரும் தொழிலாளர் துறைக்குப் போய்க் கேட்க வேண்டியதுதான்.

அங்கேதான் சிக்கல். முதலாளிக்கு எதிராக மனுப் போட்டுவிட்டு மறுநாள் அதே முதலாளியின் ஆபீசில் போய் உட்கார வேண்டும். ஓய்வு பெறும் வயதில் இருப்பவர்கள் துணிந்து போட்டார்கள். 30 வயதில் வீட்டுக் கடன் இருப்பவர் போடவில்லை. இன்னொன்று, இந்தக் கமிஷன் பத்திரிகைகளுக்கும் அவற்றுக்குச் செய்தி தரும் ஏஜென்சிகளுக்கும்தான், டிவிக்கு இல்லை.

"பத்திரிகையாளருக்கு ஆறு மணி நேரம்தான் வேலைன்னு சட்டத்துல இருக்குன்னு பேராசிரியர் சொன்னார். நெஜமா சார்?"

நிஜம். 1955ஆம் வருஷத்து உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தில் நான்கு வாரத்துக்கு 144 மணி நேரம் என்று இருந்தது. வாரத்துக்கு 36 மணி நேரம், வாரம் ஆறு நாள் வேலை என்றால் நாளைக்கு ஆறு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அந்தப் பழைய சட்டத்தைக் கரைத்துவிட்டார்கள். 144 மணி நேரக் கணக்கு அதிலும் இருக்கிறது. டிவி, டிஜிட்டல் ஆட்களையும் பத்திரிகையாளர் என்று அதில் சேர்த்தது நல்ல விஷயம். ஆனால் மஜீதியா போன்ற பழைய சம்பளக் கமிஷன் ஏற்பாடு அதில் இல்லை.

தேர்தல் முடிவு நாளில் இந்தச் சட்டத்தைச் சொல்லி வீட்டுக்குக் கிளம்பியவர் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், மாலை போடுகிறேன்.

"திடீர்னு கூப்பிட்டு 'ராஜினாமா லெட்டர் எழுதிக் குடு, செட்டில்மென்ட் தர்றோம்'ங்கறாங்க. என்ன பண்றது?"

2020 ஊரடங்கில் இந்த போன் எனக்கு நிறைய வந்தது. விளம்பரம் ஒரே மாதத்தில் நின்றுபோய், பதிப்புகள் மூடப்பட்டு, கூண்டோடு ஆட்கள் வெளியேற்றப்பட்ட நேரம். அதன் பிறகும் இது நிற்கவில்லை. அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள், அதுதான் முதல் விஷயம். ராஜினாமா என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது, நீங்களே போனதாக ஆகிவிடும். ஆட்குறைப்பு நஷ்டஈடு அதோடு போயிற்று.

மற்ற தொழிலில் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து வருஷம் வேண்டும், நமக்கு மூன்று வருஷம் போதும். புதிய தொகுப்பிலும் இது தொடர்கிறது. இது தெரியாமல் நாலு வருஷ வேலையை உதறிவிட்டு வெறுங்கையோடு போனவர்களை எனக்குத் தெரியும். நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, பி.எஃப். எண் மூன்றையும் வீட்டில் வையுங்கள். ஆபீஸ் மெயிலில் மட்டும் இருந்தால், மதியம் கூப்பிட்டுப் பேசுபவர்கள் சாயங்காலம் மெயிலை மூடிவிடுவார்கள்.

"பிரஸ் மீட்ல கவர் குடுக்கறாங்க. எல்லாரும் வாங்கறாங்க. நான் மட்டும் வாங்கலேன்னா திமிர் பிடிச்சவன்னு பேர் வருது."

வரும். எனக்கும் வந்தது. முதல் வருஷம் ஒரு துணிக்கடைத் திறப்பு விழாவில் வாங்கினேன். உள்ளே 200 ரூபாயும் ஒரு கைக்குட்டையும் இருந்தது. பெட்ரோல் போட்டேன். ஆறு மாதம் கழித்து அதே கடையில் வேலை பார்த்த பெண்கள், உட்கார விடாமல் நிறுத்தி வைக்கிறார்கள் என்று சொல்ல வந்தார்கள். மேனேஜரிடம் கேட்கப் போனால், 'என்ன சார், நம்மாளு நீங்க' என்றார். அந்தச் செய்தியை எழுதினேன், ஆனால் மொட்டையாக, கடை பேர் இல்லாமல். அதற்குப் பிறகு கவர் வாங்கவில்லை.

வாங்குகிறவரைத் திட்ட எனக்கு வாய் வராது. இரண்டாவது கேள்வியின் பதிலைப் பாருங்கள். செய்திக்குக் காசு கொடுக்காத நிறுவனம், அந்தக் காசை யாரோ ஒருவர் கொடுப்பார் என்று தெரிந்தேதான் விட்டுவைத்திருக்கிறது.

"விளம்பர டார்கெட் குடுத்திருக்காங்க. ரிப்போர்ட்டர் எதுக்கு விளம்பரம் பிடிக்கணும்?"

பிடிக்கக் கூடாது. ஆனால் பொங்கல் மலர், தீபாவளி மலர், கல்லூரிச் சேர்க்கை மலர் எல்லாம் மாவட்ட நிருபர் தலையில்தான் விடியும். கமிஷன் உண்டு என்பதால் பலருக்கு மாத வருமானத்தைவிட அதுதான் பெரிது. சாதா நாளில் நீங்கள் கேள்வி கேட்க வேண்டிய கல்லூரித் தாளாளரிடம், மலர் நேரத்தில் அரைப் பக்கம் கேட்டு வாசலில் நிற்கிறீர்கள். அவர் அதை மறக்க மாட்டார்.

இதன் முற்றிய வடிவம்தான் காசு வாங்கிக்கொண்டு செய்தி மாதிரியே அச்சிடுவது. 2009 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க இது வெளிப்படையாக நடந்து, இந்தியப் பத்திரிகை கவுன்சில் ஒரு துணைக்குழு போட்டு 2010இல் விசாரித்தது. பேரம் பேசுவது மேலே, தொகுதிக்குள் கெட்ட பேர் நிருபருக்கு. உங்களால் தப்பவே முடியாத நிலை என்றால் ஒன்றாவது செய்யுங்கள்: யாரிடம் விளம்பரம் வாங்கினீர்களோ அவர் சம்பந்தப்பட்ட செய்தியை வேறு நிருபரிடம் கொடுக்கச் சொல்லி டெஸ்க்கிடம் கேளுங்கள். நான் டெஸ்க்குக்கு வந்த பிறகு இரண்டு பேர் அப்படிக் கேட்டார்கள். மரியாதை கூடியது.

"ஓனரே கட்சிக்காரர். இல்லேன்னா அரசு விளம்பரத்தை நம்பி இருக்கறவர். அங்க இருந்துக்கிட்டு நேர்மையா எழுத முடியுமா?"

தமிழ்நாட்டில் கட்சிக்கும் செய்திக்குமான உறவு ஊரறிந்தது. எந்தச் சேனல் எந்த வீட்டுச் சேனல் என்று டீக்கடையில் இருப்பவரே சொல்லிவிடுவார். அதனால் நேரடிக் கட்சிச் சேனலில் ஏமாற்றம் குறைவு, எல்லை எது என்று முதல் நாளே தெரிந்துவிடும். 'நாங்கள் நடுநிலை' என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில்தான் எல்லைக்கோடு வாரத்துக்கு வாரம் நகரும். அரசு விளம்பரம் நின்றாலோ கேபிளில் சேனலின் வரிசை எண் பின்னுக்குப் போனாலோ, காரணத்தை யாரும் எழுத்தில் தரமாட்டார்கள். 2018இல் கோவையில் பொது விவாத நிகழ்ச்சி நடத்தியதற்காக ஒரு செய்தித் தொலைக்காட்சி மீது வழக்கே பதிவானது.

எந்தக் கட்சி ஆண்டாலும் இது உண்டு. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு துணுக்குக்காக ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பி மூன்றே நாளில் விட்டார்கள். பிறகு உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன 1,000 ரூபாய் இழப்பீட்டை அவர் ஃபிரேம் போட்டு மாட்டிக்கொண்டார். 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய கார்ட்டூனுக்காக அதே விகடனின் இணையதளம் முழுவதும் முடக்கப்பட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்கலாம் என்று மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. ஒரு படத்துக்கு மொத்தக் கடைக்கும் பூட்டு என்பது பழைய ஆட்களுக்குப் புதிது.

எழுத முடியுமா என்றால், முழுசாக முடியாது, நிறைய முடியும். முதலாளிக்கு அக்கறை இல்லாத பகுதிகள் எந்த நிறுவனத்திலும் பெரிதாகவே இருக்கும்: ஆரம்ப சுகாதார நிலையம், நெல் கொள்முதல் நிலையம், ஆதிதிராவிடர் நல விடுதி. அங்கே எழுதத் தடை கிடையாது. எழுதாமல் இருப்பது பெரும்பாலும் நம் சோம்பல்தான்.

"ஒரே செய்திக்கு வெப்புக்கு நாலு வரி, டிவிக்கு விஷுவல், போன்ல லைவா பேசற போனோ, ரீல்ஸ், அப்புறம் பேப்பருக்கு முழுசா... எப்பண்ணே விசாரிக்கறது?"

விசாரிக்க நேரம் இல்லாமல்தான் போகிறது. முன்பு சாயங்காலம் 6 மணி வரை எனக்கு அவகாசம் இருந்தது. ஒரு விபத்து என்றால் ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், வீடு மூன்றுக்கும் போய் வந்த பிறகுதான் எழுதுவேன். இப்போது ஆம்புலன்ஸ் வரும் முன்பே பக்கத்துச் சேனல் ஃபிளாஷ் போட்டுவிட்டது என்று அசைன்மென்ட் டெஸ்க்கிலிருந்து கத்துவார்கள். பலி எண்ணிக்கை, பெயர், சாதி, மூன்றிலும் தப்பு வருவது இந்த முதல் பத்து நிமிஷத்தில்தான்.

நான் சொல்லும் வழி ஒன்றுதான். முதல் நாலு வரியில் நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். 'எத்தனை பேர்' என்று கேட்டால் 'இன்னும் உறுதியாகவில்லை' என்று சொல்லப் பழகுங்கள். உயிரோடு இருந்த ஒருவரைச் செத்துப்போனார் என்று நான் ஒருமுறை கொடுத்துவிட்டேன். அவருடைய தம்பி போன் பண்ணி அழுதது இன்றைக்கும் காதில் கேட்கிறது.

"யூடியூப் சேனல் ஆரம்பிச்சுட்டா முதலாளித் தொல்லையே இல்லல்ல?"

முதலாளி போவார், அல்காரிதம் வரும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலி பாக்கி என்று வீடியோ போட்டால் பார்க்க ஆள் இருக்காது. நடிகரின் அரசியல் பற்றிய தம்ப்நெயிலுக்குக் கூட்டம் வரும். மூன்றாவது மாதம் நீங்களே முதலாவதைக் கைவிடுவீர்கள். அதோடு, வக்கீல் நோட்டீஸ் வந்தால் நிறுவனத்து வக்கீல் கிடையாது, எல்லாம் நீங்களே. 2020 ஏப்ரலில் கொரோனா நேரத்துச் செய்திகளுக்காகக் கோவையில் ஓர் இணையச் செய்தித் தளத்தின் நிறுவனரையே கைது செய்தார்கள்.

நன்றாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே துறையைப் பிடித்துக்கொண்டவர்கள், அதாவது விவசாயச் சந்தை விலை, நீதிமன்றச் செய்தி, ஒரே ஊரின் செய்தி என்று போகிறவர்கள் ஓரளவு நிற்கிறார்கள். எல்லாவற்றையும் பேசுகிற சேனலுக்கு இனி இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"ஏஐ வந்துடுச்சு. டெஸ்க்ல ஆளே வேண்டாம்னு பேசிக்கறாங்களே?"

என் நாற்காலியைப் பற்றிய கேள்வி என்பதால் கவனமாகவே சொல்கிறேன். அரசு செய்திக்குறிப்பைச் சுருக்குவது, ஏஜென்சி செய்தியைத் தமிழாக்குவது, ராசிபலனுக்குத் தலைப்பு வைப்பது, இவற்றுக்கு ஆள் குறையும், குறைந்துகொண்டும் இருக்கிறது. வட்டாட்சியர் எந்த ஊருக்கு மாறுதலாகிப் போனார், கிராமத்தில் இரண்டு முருகேசன் இருந்தால் எந்த முருகேசன், இதெல்லாம் அதற்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் செய்யாது, சரளமாக எழுதிவிடும். பயம் அதுதான். புதுப் பிள்ளைகள் வேலை கற்றுக்கொண்டதே அந்தச் சில்லறை வேலைகளில்தான். அந்தப் படிக்கட்டை எடுத்துவிட்டால் அடுத்த பத்து வருஷத்தில் செய்தி ஆசிரியர் எங்கிருந்து வருவார் என்று மேனேஜ்மென்டில் யாரும் யோசித்த மாதிரி இல்லை.

"அவதூறு வழக்குப் போடுவேன்னு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு. உள்ள போயிடுவேனா?"

நோட்டீஸ் வேறு, வழக்கு வேறு. பெரும்பாலான நோட்டீஸ்கள் பயமுறுத்தலோடு நின்றுவிடும். அதற்காகக் குப்பையில் போடாதீர்கள். அன்றைக்கே செய்தி ஆசிரியருக்கு அனுப்புங்கள். குறிப்பேடு, ஆடியோ, ஆவண நகல் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். அனுப்பியவருக்கு நீங்களே போன் போட்டு 'சார், மேலிடத்துல போடச் சொன்னாங்க' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதை ரெக்கார்டு செய்வார்கள்.

சட்டம் இதுதான். குற்றவியல் அவதூறு செல்லும் என்று 2016இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. இப்போது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கிறது, அதிகபட்சம் இரண்டு வருஷம். ஆனால் நமக்குக் கவசமும் உண்டு. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் போட்ட வழக்கில் 1994இல் சுப்ரீம் கோர்ட் இரண்டு விஷயம் சொன்னது: பிரசுரிக்கும் முன்பே அரசு தடுக்க முடியாது, அரசு ஊழியரின் அலுவல் பற்றி எழுதியதற்கு அவர் நஷ்டஈடு கேட்டால், பொய் என்பதோடு, உண்மையா என்று கவலையே படாமல் எழுதினீர்கள் என்றும் நிரூபிக்க வேண்டும். அதே போல ஜெயலலிதா ஆட்சியில் பத்திரிகைகள் மீது அரசு போட்டிருந்த அவதூறு வழக்குகளில் 28ஐ 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் மொத்தமாக ரத்து செய்தது. அந்த வழக்குகளில் யாரும் சிறைக்குப் போகவில்லைதான். வருஷக்கணக்கில் வாய்தாவுக்குச் சென்னை போய் வந்தார்களே, தண்டனை அதுதான்.

"போலீஸ் என் போனைக் கேக்கறாங்க. 'யார் குடுத்தா'ன்னு சொல்லணுமா?"

செய்தி மூலத்தைக் காக்க இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. பத்திரிகை கவுன்சில் சட்டத்தில், கவுன்சில் விசாரிக்கும்போது மூலத்தைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று இருக்கிறது, அது போலீஸையோ கோர்ட்டையோ கட்டுப்படுத்தாது. அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கை கசிந்த விவகாரத்தில் சிறப்புப் புலனாய்வுக் குழு நிருபர்களின் போன்களையே வாங்கி வைத்தது. 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதைக் கண்டித்துத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அந்த அறிக்கையைத் தளத்தில் ஏற்றியது போலீஸ், கேள்வி கேட்கப்பட்டது பார்த்தவர்களிடம்.

நேரில் வரச் சொன்னால் எழுத்து மூலமான சம்மன் கேளுங்கள், வக்கீலோடு போங்கள், போனைக் கொடுக்க நேர்ந்தால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். பாஸ்வேர்டைப் பேச்சுவாக்கில் சொல்லிவிடாதீர்கள். முக்கியமான ஆள்களின் பெயரைப் போனில் சொந்தப் பெயரில் சேமிக்காதீர்கள். என் போனில் ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பல வருஷம் 'பால்காரர்' ஆக இருந்தார்.

"மணல், கஞ்சா, நில அபகரிப்பு செய்தி எழுதினா உயிருக்கு ஆபத்தா?"

ஆமாம். மழுப்பிப் பயனில்லை. 2007 மே 9 அன்று மதுரையில் ஒரு கருத்துக்கணிப்பு வெளியான கோபத்தில் தினகரன் அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள், மூன்று ஊழியர்கள் செத்தார்கள். மூவரில் யாரும் அந்தக் கணிப்பை எழுதியவர்கள் இல்லை. 2020 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஓர் இளம் டிவி நிருபர் வீட்டுக்கு அருகிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2024 ஜனவரியில் பல்லடம் பக்கம் ஒரு நிருபர், ஆள்கள் பின்தொடர்கிறார்கள் என்று போலீஸுக்குப் பலமுறை போன் செய்த பிறகும் வெட்டுப்பட்டார்.

கவனித்துப் பாருங்கள், அடிபடுவது பெரும்பாலும் ஊரிலேயே இருக்கும் ஆள். சென்னையிலிருந்து வந்து எழுதிவிட்டுப் போகிறவருக்கு அந்த ஆபத்து குறைவு. அதனால் இந்த மாதிரிச் செய்தியைத் தனியாகச் செய்யாதீர்கள். மூன்று நான்கு பத்திரிகை நிருபர்கள் சேர்ந்து ஒரே நாளில் போட்டால், யார் ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க முடியாது. 'எக்ஸ்குளூசிவ்' ஆசையை இங்கே விட்டுவிடுங்கள். பைலைன், அதாவது செய்தியோடு உங்கள் பெயர், வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. மிரட்டல் வந்தால் அன்றே எஸ்.பி. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள், போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

"அக்கா ஒருத்தங்க டிவில இருந்தாங்க, கமென்ட்ஸ் தாங்காம விட்டுட்டாங்க. பொண்ணுங்களுக்கு இது சரிப்படுமா?"

ஒரு தங்கை கேட்டது. ஆண் நிருபரைத் திட்டுகிறவன் கட்சியைச் சொல்லித் திட்டுவான், பெண் நிருபரைத் திட்டுகிறவன் எதைச் சொல்லித் திட்டுவான் என்று சொல்ல வேண்டியதில்லை. 2018இல் ராஜ்பவன் பிரஸ் மீட்டில் ஒரு பெண் நிருபரின் கன்னத்தை ஆளுநர் தட்டிய விவகாரம் நினைவிருக்கும். அதையொட்டிப் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகருக்கு 2024இல் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பதிவுக்கும் முதல் தீர்ப்புக்கும் நடுவே கிட்டத்தட்ட ஆறு வருஷம்.

சரிப்படுமா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இரவு ஷிப்ட் முடிந்தால் வண்டி உண்டா? பாலியல் தொல்லைப் புகார்க் குழுவில் வெளி உறுப்பினர் யார்? இரண்டாவதற்கு ஹெச்.ஆர். விழித்தால், அந்தக் குழு காகிதத்தில்தான் இருக்கிறது.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதின கைது செய்தி. அவர் விடுதலை ஆயிட்டாராம், வெப்ல இருந்து எடுன்னு வீட்டுக்கே வந்து அழறார். எடுக்கணுமா?"

இதுதான் எனக்கு இன்னமும் தூக்கம் கெடுக்கும் கேள்வி. காகிதத்தில் இருந்த காலத்தில் செய்தி மறுநாள் பஜ்ஜி மடிக்கப் போய்விடும். இப்போது அவர் பெயரைத் தட்டினால் பெண் பார்க்க வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். விடுதலையான ஒருவரின் தீர்ப்பை இணையதளத்திலிருந்து எடுக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, அதே வருஷம் ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வைத்தது. ஆக சட்டம் இன்னும் ஒரு பக்கமாக நிற்கவில்லை.

நான் செய்வது: விடுதலைத் தீர்ப்பின் நகலை வாங்கிப் படிப்பேன். பழைய செய்தியை அழிக்க மாட்டேன், இன்று அழித்தால் நாளை எம்.எல்.ஏ. வந்து அதே காரணம் சொல்லி நிற்பார். அதன் தலையில், இந்த வழக்கில் இவர் இந்தத் தேதியில் விடுதலை செய்யப்பட்டார் என்று தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்ப்பேன், தலைப்பையும் மாற்றுவேன். கைதை நாலு பத்தி அகலத்தில் போட்ட நாம் விடுதலையைப் போடவே இல்லையே என்று போன மாதம் ஒருவர் கேட்டார். பழைய பைலைப் புரட்டிப் பார்த்தேன். போடவில்லைதான். அவருடைய செய்தியில் அந்த வரியைச் சேர்த்துவிட்டு, அந்த வருஷத்தில் நான் எழுதிய மற்றக் கைதுச் செய்திகளை இப்போது ஒவ்வொன்றாக எடுத்துக் கோர்ட் நிலவரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 11 முடிந்திருக்கிறது.